பாட்டின் உரிமையும் பாடியவன் பெயரும்
கண்டி அரசவை முதல் இணைய நேரலை வரை

நிலத்துக்கு எல்லை உண்டு. வீட்டுக்குச் சுவர் உண்டு. பாட்டுக்கு இவை இல்லை. ஒருவன் வாயினின்று பிறந்த கணத்திலேயே அது கேட்போர் அனைவர்க்கும் உரியதாகிவிடுகின்றது. எனினும் பாட்டையே வாழ்வாகக் கொண்டோர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். ஆதலின், காற்றிற் கலந்துவிடும் இப்பொருளுக்கு உடையவர் யார், அதனாற் கிடைக்கும் ஊதியம் யாரைச் சேர்தல் வேண்டும் என்னும் வினாவும் எல்லாக் காலத்திலும் எழுந்தே வந்துள்ளது. இன்று கோவில் திருவிழாவும் கல்லூரிக் கலைவிழாவும் இணையவழி நேரலையாகச் செல்லும்போது, நடுவில் ஒலி அறுபடுவதையும், உரிமை மீறப்பட்டதென அறிவித்தல் தோன்றுவதையும் பலர் கண்டிருப்பர். இது புதிய கருவியினால் விளைந்த புதிய சிக்கல் என எண்ணுவது இயல்பு. ஆயின், வரலாற்றை நோக்குமிடத்து, கருவி புதியதேயன்றிச் சிக்கல் பழையது என்பது புலனாகும். அவ்வரலாற்றை ஆராய்வதற்குக் கண்டி மாநகரினும் பொருத்தமான இடம் இலங்கையில் அரிது.

அரசன் காலத்து ஒழுங்கு

கண்டி இராச்சியத்தில் இசைக்கலைஞனுக்குப் பாட்டின்மீது உரிமை இருக்கவில்லை. அவனுக்கிருந்தது நிலத்தின்மீது உரிமை. அரசவையில் அரசன் புகழ் பாடுவோர்க்கெனக் 'கவிகார மடுவ' என்னும் பிரிவு அமைந்திருந்தது. தலதா மாளிகையிலும் தேவாலயங்களிலும் முரசு கொட்டுவோர், குழல் ஊதுவோர், ஆடுவோர் ஆகியோர்க்குக் கோவிற் கிராமங்களிற் பங்கு நிலங்கள் விடப்பட்டிருந்தன. நிலத்தை உழுது உண்பவன் குறித்த நாளிற் குறித்த முழக்கத்தை முழக்குதல் வேண்டும். தந்தைக்குப்பின் மகன் அந்நிலத்தையும் அக்கடமையையும் ஒருங்கே பெற்றான். ஊதியம் பாட்டுக்கு அன்று, பணிக்கே வழங்கப்பட்டது என்க.

1815இற் கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டது. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நீக்கப்பட்டபோதும் கோவிற் பணி நிலங்கள் அம்மாற்றத்துள் அடங்கவில்லை. 1870ஆம் ஆண்டின் பணிநிலக் கட்டளைச் சட்டம் அப்பணிகளை வரையறுத்து, விரும்பியோர் பணிக்கு ஈடாகப் பணம் செலுத்தவும் வழி செய்தது. தலைமுறை தலைமுறையாக முழக்கப்பட்ட முழக்கத்துக்கு அன்றே பணத்தில் ஒரு மதிப்பு இடப்பட்டது எனலாம். ஆயின் அம்மதிப்பும் பணியின் மதிப்பேயன்றி இசையின் மதிப்பன்று.

இக்காலத்து ஆக்கங்களுள் புகழ்பெற்றவை பதினெட்டு வண்ணங்கள். யானை, குதிரை, மயில் முதலியவற்றின் இயல்பைப் பாடலாலும் ஆடலாலும் காட்டும் இவை கண்டிய நடனத்தின் உயிர்நாடி. நரேந்திரசிங்கன் (1707–1739) காலத்தில், மல்வத்தை விகாரையைச் சேர்ந்த பிக்கு ஒருவரின் துணையோடு, தென்னாட்டிலிருந்து வந்த கணிதாலங்காரர் என்னும் இசைவல்லுநர் இவற்றுக்கு இசை வகுத்தார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. இச்செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது ஒருபுறம் இருக்க, அது உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. ஆக்கியோனுக்குப் பொருளுரிமை எதுவுமில்லாத காலத்திலும், 'இன்னார் ஆக்கியது' என்று பெயர் சொல்லும் கடப்பாட்டை மரபு மறக்கவில்லை. பொருளுரிமைக்கு முன்னரே பெயருரிமை தோன்றிவிட்டது.

தேநீர்ச்சாலைத் தீர்ப்பு

ஒலித்தட்டு வந்தபின் இந்நிலை அடியோடு மாறிற்று. பாடுவோன் இல்லாத இடத்திலும் பாட்டு ஒலித்தது. பணிக்கு ஊதியம் என்னும் பழைய ஒழுங்கு பயனற்றுப் போயிற்று. பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இக்குறையை நீக்க முயன்றது. ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும் என்று அது விதித்தது. ஒலித்தட்டையும் காவற்குரிய ஒரு தனிப்பொருளாக ஏற்றது. 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துடன் இலங்கையிலும் அதுவே வழக்கிலிருந்தது. 1979 வரை இந்நாட்டு இசையுரிமையின் அடித்தளம் அச்சட்டமே.

அச்சட்டத்தின் ஆழம் 1934இல் ஒரு வழக்கினால் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தேநீரும் கோப்பியும் விற்கும் சாலையொன்றில், வாடிக்கையாளர் மகிழ ஒலித்தட்டு இசைக்கப்பட்டது. தட்டில் இருந்தது ஓபேர் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளரின் ஆக்கம். அவர் 1871இல் இறந்தவராதலின் அவ்விசைக்கு உரிமையாளர் எவருமிலர். எனினும் தட்டை வெளியிட்ட கிராமபோன் கொம்பனி வழக்குத் தொடுத்து வென்றது. இசை பொதுச்சொத்தாயினும் அதனைப் பதிந்த தட்டு பொதுச்சொத்தன்று. அதனைப் பலர்முன் இசைப்பதற்குப் பதிந்தவரின் அனுமதி வேண்டும் என்பதே தீர்ப்பு.

தேயிலையை விளைத்த கண்டி மலைகளுக்கும் அத்தேயிலையை அருந்தியோர் கேட்ட பாட்டின் வழக்குக்கும் உள்ள தொடர்பு வெறும் வேடிக்கையன்று. ஒரே சட்டம் இரு நாடுகளையும் ஆண்டமையின், பாடலின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு என்னும் இப்பாகுபாடு இலங்கைக்கும் உரியதாயிற்று. தியாகராச சுவாமிகள் மறைந்தது 1847இல். அவர் கீர்த்தனைகள் யாவர்க்கும் பொது. ஆயின், அவற்றை ஒருவர் பாடி மற்றொருவர் பதிந்து வெளியிட்ட ஒலிப்பதிவு பொதுவன்று. இன்றைய இணையச் சிக்கல்களுட் பல இவ்வொரு பாகுபாட்டை அறியாமையினின்றே தோன்றுகின்றன.

வானொலியும் 1952ஆம் ஆண்டுப் பிணக்கும்

இலங்கையில் 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையான வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. எனினும் அது கடல் கடந்து செல்லும் பெருங்குரலாக வளர்வதற்குக் காரணமாயது கண்டியிற் பாசறை கொண்ட ஒரு படைத்தலைமையகம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்பிரலில், மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவிற் படை அலுவலகங்கள் எழுந்தன. அப்படையினர்க்கென ஏற்பட்ட வானொலிக்காக ஏக்கலையில் 100 கிலோவாற்று ஆற்றலுள்ள சிற்றலைப் பரப்பி நிறுவப்பட்டது. அது இயங்கத் தொடங்குமுன்னரே போர் முடிந்துவிட்டது. 1949இல் அந்நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பரில் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. படைவீரர்க்காகப் பிறந்த கருவி திரையிசையின் வாகனமாயிற்று.

இந்நிலையில், 1952இல், இந்தியாவில் ஒரு பிணக்கு மூண்டது. அவ்வாண்டு தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் திரையிசையை மதித்தவரல்லர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குரிய நேரம் குறைக்கப்பட்டது. அதனோடு, பாடலை ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைக் கூறுவது விளம்பரமாகும் எனக் கருதி, அது நிறுத்தப்பட்டது. படத் தயாரிப்பாளர் வெகுண்டனர். பாடலின் ஒலிபரப்பு உரிமம் அவர்கள் கையிலிருந்தது. அதனை அவர்கள் மீட்டுக்கொண்டனர். சில திங்களுக்குள் இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

மறைந்த பாடல் இலங்கையில் ஒலித்தது. பினாக்கா கீத்மாலா என்னும் நிகழ்ச்சி அவ்வாண்டிலேயே இலங்கை வானொலியில் தொடங்கி வட இந்தியாவை ஈர்த்தது. தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரல் தமிழகத்துச் சிற்றூர்களிலும் அறிமுகமாயிற்று. படத்தின் பெயரும் பாடியோர் பெயரும் இயற்றியோர் பெயரும் எடுத்துக் கூறும் பண்பு இலங்கை அறிவிப்பாளர்க்கு அணிகலனாயிற்று. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி என்னும் தனி ஒலிபரப்பை இந்தியா தொடங்கியது, இழந்த நேயர்களை மீட்கும் பொருட்டேயாம்.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளைக் கற்பிக்கின்றது. ஒன்று, உரிமம் நாட்டின் எல்லையோடு நிற்கின்றது, அலை நிற்பதில்லை. இந்தியாவில் உரிமம் மறுக்கப்பட்ட பாடலை இந்திய மக்கள் இலங்கையிலிருந்து கேட்டனர். மற்றொன்று, பிணக்கின் வித்துப் பணம் மட்டுமன்று. ஒரு பெயரைச் சொல்லுவதா விடுவதா என்பதும் அதன் வித்து. கண்டிய மரபு கணிதாலங்காரர் பெயரைக் காத்தமைக்கும், தயாரிப்பாளர் தம் படத்தின் பெயருக்காகப் போராடியமைக்கும் நோக்கம் வேறாயினும் அடிப்படை ஒன்றே.

பாரதி பாடலின் விடுதலை

உரிமையாளர் கையினின்று பாட்டு மக்களுக்கு மீண்ட வரலாறும் தமிழர்க்கு உண்டு. 1921இற் பாரதியார் மறைந்தபின், அவர் பாடல்களை ஒலித்தட்டிற் பதியும் உரிமை ஒரு வணிகரிடம் விலையாகி, பின்னர் படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பன் அவர்களிடம் சேர்ந்தது. 1948இல் டி. கே. எஸ். சகோதரர் தமது 'பில்ஹணன்' படத்திற் பாரதி பாடலொன்றைப் பயன்படுத்தியபோது வழக்கு எழுந்தது. நாட்டின் விடுதலையைப் பாடியவன் பாட்டுக்கே விடுதலை இல்லையா என அறிஞர் குரல் எழுப்பினர். 1949இல் சென்னை அரசு பாரதி நூல்களின் உரிமையைத் தானே ஏற்றது. 1955இல் அவ்வுரிமையை மக்கள் யாவர்க்கும் பொதுவாக்கிற்று. ஒரு கவிஞனின் பதிப்புரிமையை அரசே பெற்று மக்களுக்கு அளித்த இச்செயல் அரிய செயல். விலைக்கு வாங்கியவன் உரிமையும் சட்டத்தின்படி உரிமையே; எனினும் அதற்குமேல் ஒரு நீதி உண்டு என்பதை அது காட்டிற்று.

இலங்கைச் சட்டத்தின் வளர்ச்சி

இலங்கை 1959இல் பேர்ண் உடன்படிக்கையிற் தனிநாடாக உறுப்புரிமை பெற்றது. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவை பழைய பிரித்தானியச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அதனை நீக்கி வந்தது இன்று வழக்கிலுள்ள 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஆக்கியோன் வாழ்நாளுக்குப்பின் 70 ஆண்டுகள் உரிமை நிலைக்கும் என அது விதிக்கின்றது. பாடியோர்க்கும் ஒலிப்பதிவாளர்க்கும் தனித்தனி உரிமைகளை 50 ஆண்டுகளுக்கு அளிக்கின்றது.

இச்சட்டத்தில் இரண்டு பகுதிகள் சிறப்பாக நோக்கற்பாலன. முதலாவது, பொருளுரிமையினின்று வேறாய ஒழுக்கவுரிமை. தன் ஆக்கத்திற் தன் பெயர் குறிக்கப்படல் வேண்டும் எனவும், அது சிதைக்கப்படலாகாது எனவும் கோர ஆக்கியோனுக்கு உரிமையுண்டு. பொருளுரிமையை விற்றவனும் பெயருரிமையை இழப்பதில்லை. இரண்டாவது, நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கு அளிக்கப்பட்ட காவல். ஆக்கியோன் பெயர் அறியப்படாத, தலைமுறை வழியாக வந்த பாடலையும் ஆடலையும் வணிக நோக்கோடு அவற்றின் மரபுச் சூழலுக்குப் புறம்பே பயன்படுத்துவோர் உரிய அதிகாரியின் அனுமதியைப் பெறல் வேண்டும். சட்டம் கருத்தளவிற் குறையுடையதன்று. அது செயற்படும் இடத்திலேயே குறை தோன்றுகின்றது.

இணையம் விளைத்த குழப்பம்

வானொலி ஒன்றே பலர்க்குப் பேசியது. இணையத்திற் பலர் பலர்க்குப் பேசுகின்றனர். முன்பு உரிமம் பெறவேண்டியது நிலையம் ஒன்றே. இன்று கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் வாயிலிலோ மாத்தளை முத்துமாரியம்மன் தேர்வீதியிலோ கைத்தொலைபேசியை உயர்த்தி நிற்கும் இளைஞனும் ஓர் ஒலிபரப்பாளனே. அவன் அனுப்பும் காட்சியில் நாதசுரக்காரர் வாசிக்கும் கீர்த்தனையும், ஒலிபெருக்கியில் ஒலிக்கும் பக்திப்பாடற் பதிவும் ஒருங்கே கலந்து செல்கின்றன. முன்னது பெரும்பாலும் பொதுச்சொத்து. வாசித்தவர்க்கோ தம் வாசிப்பின்மேல் உரிமையுண்டு. பின்னது உயிருள்ள உரிமைகள் மூன்றைத் தாங்கியது: இயற்றி இசையமைத்தோர் உரிமை, பாடியோர் உரிமை, பதிந்தோர் உரிமை. ஒன்றுக்குப் பெற்ற அனுமதி மற்றவற்றுக்கு ஆகாது.

உரிமம் நாடுதோறும் வேறுபடுதல் சிக்கலை மேலும் பெருக்குகின்றது. உலகின் பெரிய இசை வழங்கியாகிய ஸ்பொட்டிஃபை 2021இலேதான் இலங்கைக்கு வந்தது. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒலித்தட்டைப் பாடியவர்க்கும் பதிந்தவர்க்கும் எதுவும் செலுத்துவதில்லை. அதே பாடலை இணையவழி ஒலிபரப்புவோர் செலுத்துதல் வேண்டும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், படத்திற்கெனப் பாட்டெழுதியோரும் இசையமைத்தோரும் உரிமைத்தொகையிற் பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க இயலாதவாறு உறுதி செய்தது. ஒலிபரப்பாளர் விதித்த தொகையைச் செலுத்திப் பாடலைப் பயன்படுத்தவும் வழி வகுத்தது. 'ஒலிபரப்பு' என்னும் சொல் இணையத்தையும் அடக்குமா என்ற வினா பம்பாய் உயர்நீதிமன்றத்தின்முன் வந்தபோது, 2019இல், அடக்காது எனத் தீர்ப்பாயிற்று. 2022இல் மேன்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. இணைய வழங்குநர் ஒவ்வொரு உரிமையாளரிடமும் பேசியே அனுமதி பெறல் வேண்டும் என்பது இதன் பொருள். தமிழ்த் திரையிசையிலும் இப்பிணக்கு அறியப்படாததன்று. 2017இல், வெளிநாட்டு மேடைகளிற் தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடலாகாதென இளையராஜா அவர்கள் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு அறிவித்தல் அனுப்பியபோது, பாடல் இசையமைத்தவர்க்கா பாடியவர்க்கா என்னும் வாதம் வீடுதோறும் நிகழ்ந்தது.

நீதிமன்றத் தீர்ப்புக்குக் காலம் செல்லும்; இணையம் காலம் தாழ்ப்பதில்லை. யூடியூப் நிறுவனம் 2007இல் ஒலியை அடையாளங்காணும் பொறிமுறை ஒன்றை அமைத்தது. உரிமையாளர் தம் பதிவுகளை அதனிடம் ஒப்படைக்கின்றனர். புதிதாக வரும் ஒவ்வோர் ஒலியும் அவற்றோடு ஒப்புநோக்கப்படுகின்றது. ஒத்திருப்பின் அது தடுக்கப்படும். அன்றேல் அதனால் வரும் விளம்பர வருவாய் உரிமை கோரியவர்க்குச் செல்லும். இம்முறையினால் முன்பு எதுவும் பெறாத கலைஞர் சிலர் ஊதியம் பெறுகின்றனர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயின், பொறி அறிவது ஒலியின் ஒப்புமையை மட்டுமே. உரிமையின் வரலாற்றை அது அறியாது. 2018இல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்னும் ஆங்கிலப் பியானோக் கலைஞர், 1750இல் மறைந்த பாக் என்பவரின் இசையைத் தாமே வாசித்து முகநூலில் ஏற்றினார். அவ்வொலி தமக்குரியதென ஒரு பெரும் இசை நிறுவனத்தின் பெயரால் உரிமை கோரப்பட்டு அது முடக்கப்பட்டது. உலகறிந்த கலைஞராதலின் அவர் முறையீடு செவிசாய்க்கப்பட்டது. மலைநாட்டுக் கோவிலிற் கீர்த்தனை வாசிக்கும் நாதசுரக்காரர்க்கு அந்நிலை நேர்ந்தால் அவர் முறையிடும் வாயில் யாது?

ஏட்டில் இல்லாதோர்

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை தெளிவாகின்றது. அரசன் காலத்தில் முரசு கொட்டியவன் பெயர் நிலப்பதிவேட்டில் இருந்தது; அவனுக்கு ஊதியம் கிடைத்தது. ஒலித்தட்டுக் காலத்தில் கொம்பனியின் பெயர் தட்டில் இருந்தது, கொம்பனி பெற்றது. இன்று பொறியின் ஏட்டில் யார் பெயர் உண்டோ அவர் பெறுகின்றார். எக்காலத்தும் உரிமை ஏட்டைப் பின்பற்றியே சென்றுள்ளது. ஏட்டிற் பெயரில்லாதவன் பாட்டுப் பிறனுடையதாகிவிடுகின்றது.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இவ்வாறு பெயரில்லாதோர் பலர். ஹேவாஹெட்டை, பன்வில, கலஹா ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து நூறாண்டுக்கு மேற்பட்ட மரபுடையது. இரதியாகவும் மதனாகவும் வேடம் புனைவோரும் விடியும்வரை தப்படிப்போரும் கொழுந்து பறிப்போர் குடும்பங்களில் வந்தவர்கள். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் மலையக மக்கள் பாடல்களைத் தொகுத்துக் காத்தமையால் அவற்றுட் சில அச்சேறின. அச்சேறாதவை அவற்றினும் மிகுதி. அத்தகைய பாடலொன்றை இன்று ஒருவர் வந்து பதிந்து, இசை சேர்த்து, தம் பெயரால் ஏட்டில் ஏற்றுவாராயின், நாளை அதே பாடலைத் தோட்டத்துக் கூத்தர் தாமே நேரலையாக அனுப்பும்போது, பொறி அவர்களையே உரிமை மீறியோர் எனக் குற்றஞ்சாட்டுதல் கூடும். கண்டியத் தவில்களின் மரபு முழக்கங்களுக்கும் இவ்விடர் உண்டு. நாட்டார் கலையைக் காக்கும் விதி சட்டத்தில் உள்ளது. அவ்விதியைப் பொறிக்குக் கற்பிப்பார் இலர்.

இதற்குப் பரிகாரம் உரிமையையே ஒழித்தலன்று. உரிமை ஒழிந்தால் முதலில் வறுமையுறுவோர் சிறு கலைஞரே. பெயர்களைப் பதிதலே பரிகாரம். கூத்து எவ்வூரது, தலைமை தாங்கும் வாத்தியார் யார், தப்படித்தோர் யார், எந்நாளிற் பதியப்பட்டது என்னும் குறிப்புகளோடு ஒலியும் காட்சியும் சேர்த்து வைக்கப்படின், பின்னர் எழும் பொய்யுரிமைக்கு அதுவே மறுப்பாக நிற்கும். இப்பணிக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. பல்கலைக்கழகத் துறைகளும் கல்லூரித் தமிழ் மன்றங்களும் கோவில் அறங்காவலரும் தத்தம் எல்லைக்குள் செய்யத் தக்கது அது. நேரலை அனுப்பும் கழகங்களும், பதிந்த பாட்டை ஒலிபெருக்கியில் இடுவதினும் உயிருள்ள கலைஞரை அமர்த்தி, அவர் இசைவைப் பெற்று, அவர் பெயரைத் திரையிற் காட்டுமாயின், சிக்கலிற் பாதி அன்றே தீரும்.

படத்தின் பெயரைச் சொல்லலாமா என்பது பற்றி 1952இல் இரு தரப்பினர் பிணங்கியபோது, பெயர் சொல்லிய நிலையமே நேயரை வென்றது. பாட்டின் உரிமைபற்றிய சட்டங்கள் இனியும் மாறும். அதனைச் சுமந்து செல்லும் கருவிகளும் மாறும். பாடியவன் பெயரைச் சொல்லிப் பாட்டைக் கேட்பிக்கும் கடன் மாறுவதன்று. அக்கடனைச் செலுத்துதற்குச் சட்டத்தையோ பொறியையோ எதிர்பார்த்திருத்தல் வேண்டுவதில்லை.